கதீட்ரல் என்ற சொல்லுக்குள் ஒரு நாற்காலி: சம்பா கோயிலில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரிக்கு உறவினர்கள் யார் வந்தாலும் மிஷன் வீதியில் இருக்கும் சம்பா கோயிலுக்கு ஒரு நடை கூட்டிக்கொண்டு போவேன். வாசலில் நின்றதும் கேள்விகள் வரும். இதை ஏன் கதீட்ரல் என்கிறார்கள்? ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் இருக்கும் சர்ச் இன்னும் அழகாக இருக்கிறதே, அது கதீட்ரல் இல்லையா? தமிழில் இதற்கு என்ன பெயர்? பல வருடமாக வாயால் சொல்லிவந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். எனக்கு இந்தச் சொல்லின்மேல் தனிப் பிரியம் உண்டு. அதனால் சில பதில்கள் நீளமாகத்தான் இருக்கும்.

கதீட்ரல் என்றால் பெரிய சர்ச் என்றுதானே பொருள்?

இல்லை. கதீட்ரல் என்றால் ஆயரின், அதாவது பிஷப்பின், நாற்காலி இருக்கும் கோயில். கத்தோலிக்கத் திருச்சபை ஊர்களையெல்லாம் மறைமாவட்டங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒவ்வொரு மறைமாவட்டத்துக்கும் ஓர் ஆயர். அந்த ஆயருக்கென்று ஓர் ஆசனம், ஏதாவது ஒரு கோயிலில் போடப்பட்டிருக்கும். அந்த ஆசனம் எங்கே இருக்கிறதோ அதுதான் கதீட்ரல். கட்டடம் சின்னதாக இருக்கலாம், ஓட்டுக் கூரையாகக்கூட இருக்கலாம். கோபுர உயரமும் ஜன்னல் கண்ணாடியும் இதில் கணக்கே இல்லை.

சொல் எங்கிருந்து வந்தது?

கிரேக்கத்திலிருந்து. 'கத்தா' என்றால் கீழே, 'ஹெத்ரா' என்றால் இருக்கை. இரண்டும் சேர்ந்து 'கதெத்ரா', அதாவது உட்காருகிற இடம். லத்தீன்காரர்கள் இதைக் 'கத்தெட்ரா' என்று எடுத்துக்கொண்டார்கள். ரோமாபுரியில் அது முதலில் பெண்கள் சாய்ந்து உட்காரும் கைப்பிடி இல்லாத நாற்காலியைக் குறித்தது. பாடம் சொல்லும் ஆசிரியரின் நாற்காலிக்கும் அதே பெயர்தான். கிறிஸ்தவம் பரவியபோது ஆயரின் ஆசனத்துக்கு அந்தச் சொல் போய்ச் சேர்ந்தது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆரம்பத்தில் 'கதீட்ரல்' தனிப் பெயர்ச்சொல் கிடையாது. லத்தீனில் 'எக்ளேசியா கத்தெட்ராலிஸ்' என்பார்கள், 'நாற்காலிக் கோயில்' என்று சொல்வதைப் போல. போகப்போகக் கோயில் என்ற பகுதி உதிர்ந்துவிட்டது, நாற்காலிப் பகுதி மட்டும் நின்றுவிட்டது. நாம் பேருந்து நிலையத்தை 'ஸ்டாண்டு' என்று சுருக்குகிறோமே, அந்த மாதிரி.

ஒரு நாற்காலிக்கு ஏன் இவ்வளவு மரியாதை?

பழைய உலகத்தில் ஆசிரியர் உட்கார்ந்துதான் பாடம் சொன்னார், கேட்பவர்கள் நின்றார்கள் அல்லது காலடியில் அமர்ந்தார்கள். இயேசு மலைமேல் ஏறி, உட்கார்ந்த பிறகுதான் உபதேசம் தொடங்குகிறார். மத்தேயு நற்செய்தி 5-ஆம் அதிகாரத்தின் முதல் வசனமே அதுதான். அதே மத்தேயுவில் 23-ஆம் அதிகாரத்தில் வேதபாரகரும் பரிசேயரும் மோசேயினுடைய ஆசனத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வருகிறது. கிரேக்க மூலத்தில் அந்த 'ஆசனம்' கதெத்ராதான்.

இது நமக்குப் புதிதா என்ன? தட்சிணாமூர்த்தியைப் பாருங்கள், ஆலமரத்தடியில் அமர்ந்த குரு, காலடியில் சீடர்கள். மடத்துத் தலைவரைப் பீடாதிபதி என்கிறோம். பீடம் என்றாலும் இருக்கைதான். திண்ணைப் பள்ளி வாத்தியார் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஊருக்கெல்லாம் எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். உட்காரும் இடத்தை அறிவோடும் அதிகாரத்தோடும் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் இருப்பதால், கதீட்ரலை ஒரு தமிழருக்கு விளக்க எனக்கு இரண்டு நிமிடம் போதும்.

பல்கலைக்கழகங்களிலும் இது நிற்கிறது. ஸ்பானிய மொழியில் மூத்த பேராசிரியருக்குக் 'கத்தெத்ராத்திக்கோ' என்று பெயர், நாற்காலிக்காரர். ஹார்வர்டில் தமிழ் இருக்கை அமைக்க உலகத் தமிழர்கள் 60 லட்சம் டாலர் சேர்த்தார்களே, அந்த 'இருக்கை'யும் இந்தப் பழக்கத்திலிருந்து வந்ததுதான்.

தமிழில் இந்தச் சொல்லின் உறவுகள் ஏதாவது உண்டா?

இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. நானாகவே சொல்லிவிடுவேன்.

வீட்டுக்கு விருந்தாளி வந்தால் "ஒரு சேர் எடுத்துப் போடுப்பா" என்கிறோம். ஆங்கிலத்தின் அந்தச் 'சேர்', பழைய பிரெஞ்சின் 'ஷயேர்' என்ற சொல்லிலிருந்து வந்தது. அது லத்தீனின் கத்தெட்ராவிலிருந்து தேய்ந்து வந்தது. ஆக, கல்யாண மண்டபத்தில் வரிசையாகப் போடுகிற பிளாஸ்டிக் சேருக்கும் சம்பா கோயிலின் கதீட்ரல் பட்டத்துக்கும் ஒரே பூர்வீகம்.

அதைவிட எனக்குப் பிடித்தது கதிரை. யாழ்ப்பாணத்துக்காரர்கள் நாற்காலியைக் கதிரை என்பார்கள். அது போர்த்துகீசியரின் 'கதெய்ரா', அதுவும் கத்தெட்ராவின் பிள்ளை. ஒரே கிரேக்கச் சொல் போர்த்துகீசியக் கப்பலில் ஏறி ஈழத்துக்குப் போய்க் கதிரை ஆனது, ஆங்கிலம் வழியாக வந்து சேர் ஆனது, திருச்சபை வழியாகக் கதீட்ரல் ஆனது. மூன்று வாசல் வழியாக ஒரே விருந்தாளி! சிறு வயதில் இலங்கையிலிருந்து வந்த ஒரு பாட்டி எங்கள் வீட்டுத் திண்ணையில் "கதிரையில இரு மோனே" என்று சொன்னபோது எதுவும் புரியாமல் விழித்தேன். பல வருடம் கழித்து இந்த வேரைப் படித்த அன்றைக்கு அந்தக் குரல்தான் முதலில் ஞாபகம் வந்தது.

பிரெஞ்சில் இன்றும் இரண்டு சொற்களும் உண்டு. 'ஷேர்' என்றால் பிரசங்க மேடை அல்லது பேராசிரியர் பதவி, 'ஷேஸ்' என்றால் வீட்டு நாற்காலி. ஒரே சொல்தான், பாரிஸ் உச்சரிப்பில் கடைசி எழுத்து மாறி இரண்டாகப் பிரிந்துவிட்டது.

சரி, கதீட்ரலுக்குத் தமிழ்ச் சொல் என்ன?

இப்போது பரவலாக எழுதுவது 'பேராலயம்'. பத்திரிகையிலும் திருவிழா அழைப்பிதழிலும் அப்படித்தான் வரும். சொல் காதுக்கு இனிமைதான், எனக்கு அதில் ஒரு குறை உண்டு. பேர் + ஆலயம், பெரிய ஆலயம். 'கதீட்ரல் என்றால் பெரிய சர்ச்சா' என்ற முதல் கேள்விக்கு நாமே ஆமாம் என்று பதில் எழுதி வைத்த மாதிரி ஆகிவிடுகிறது. நாற்காலி காணாமல் போய்விட்டது. போதாததற்கு வேளாங்கண்ணி மாதிரி பசிலிக்காவையும் (போப் தரும் மரியாதைப் பட்டம் பெற்ற கோயில்) அதே பேராலயம் என்று சொல்வதால் இரண்டும் ஒன்று என்ற எண்ணம் விழுந்துவிட்டது.

நம் முன்னோர் வைத்திருந்த சொல் இதைவிடத் துல்லியமானது. பழைய தலைமுறைக் கத்தோலிக்கர்கள் ஆயரை 'மேற்றிராணியார்' என்றார்கள், மறைமாவட்டத்தை 'மேற்றிராசனம்' என்றார்கள். மேற்றிராணி என்பது கேரளத்துச் சிரியக் கிறிஸ்தவர்களின் 'மெத்ரான்' என்ற சொல்லின் உறவு. அதன் வேர் 'மெட்ரோபாலிட்டன்' என்ற கிரேக்கச் சொல், தாய்நகரத்து ஆயர் என்று பொருள். அதோடு ஆசனத்தைச் சேர்த்தால் மேற்றிராசனம். ஆயர் ஆளும் பகுதிக்கே ஆசனத்தின் பெயரை வைத்திருக்கிறார்கள் பாருங்கள். மேற்றிராசனக் கோயில் என்று சொன்னால் லத்தீன் சொல்லின் பொருள் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் வந்துவிடும். என் அப்பாயி பேச்சில் இந்தச் சொல் கடைசிவரை இருந்தது, நாங்கள்தான் விட்டுவிட்டோம்.

இன்றைக்கு அதைத் திரும்பக் கொண்டுவருவது கஷ்டம் என்று தெரியும். குறைந்தபட்சம் 'ஆயரின் தலைமைக் கோயில்' என்றாவது எழுதலாம் என்பது என் கருத்து.

ரயில்வே ஸ்டேஷன் பக்கத்து இருதய ஆண்டவர் கோயில் கதீட்ரல் இல்லையா?

அது பசிலிக்கா. 1902-இல் கட்டத் தொடங்கி 1907-இல் திறந்தார்கள். கோதிக் பாணி, வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள், படம் எடுக்க வருகிறவர்கள் பெரும்பாலும் அங்கேதான் நிற்பார்கள். 2011-இல் ரோமிலிருந்து பசிலிக்கா பட்டம் வந்தது.

பசிலிக்கா என்பது போப் கொடுக்கும் மரியாதைப் பட்டம். வரலாறு, பக்தி, திருப்பயணிகள் வருகை இவற்றை வைத்துக் கொடுப்பது. அங்கே ஆயர் ஆசனம் இருக்கவேண்டிய அவசியம் இல்லை. வேளாங்கண்ணி 1962-இல் பசிலிக்கா ஆனது, ஆனால் அது சேர்ந்த மறைமாவட்டத்தின் கதீட்ரல் தஞ்சாவூரில் இருக்கிறது. சென்னை சாந்தோம் கோயிலுக்கு இரண்டு பெருமையும் உண்டு.

பாரிஸ் போனவர்களுக்கு எளிதாகப் புரியும். நோத்ர் தாம் அங்கே கதீட்ரல், குன்றின்மேல் வெள்ளையாக நிற்கும் சாக்ரே கேர் பசிலிக்கா. சாக்ரே கேர் என்றால் திரு இருதயம். நம் ஊரிலும் கதீட்ரல் மாதா பெயரில், பசிலிக்கா திரு இருதயத்தின் பெயரில். அதே ஜோடி!

போப்பின் கதீட்ரல் வத்திக்கானில் இருக்கும் புனித பேதுரு கோயில்தானே?

இல்லை. போப் ரோம் நகரத்தின் ஆயர். அந்த முறையில் அவருடைய ஆசனம் இருப்பது ரோமில் உள்ள லாத்தரன் புனித யோவான் பேராலயத்தில். புனித பேதுரு கோயில் பசிலிக்கா மட்டுமே. இதைக் கேட்டு ஆச்சரியப்படாத ஆளை நான் இதுவரை பார்க்கவில்லை.

ஆனாலும் அங்கேயும் ஒரு புகழ்பெற்ற நாற்காலி இருக்கிறது. பலிபீடத்துக்குப் பின்னால் பெர்னீனி என்ற சிற்பி 17-ஆம் நூற்றாண்டில் செய்த பிரம்மாண்டமான வெண்கல ஆசனம், அதற்குள் ஒரு பழைய மர நாற்காலி. மர நாற்காலி 875-இல் சார்லஸ் என்ற அரசர் அன்றைய போப்புக்குக் கொடுத்தது. ஒவ்வொரு வருடமும் பிப்ரவரி 22 பேதுருவின் தலைமைப் பீடத் திருநாள். ஒரு நாற்காலிக்கென்று திருச்சபை நாள்காட்டியில் தனி விழா.

சம்பா கோயில் எப்போது கதீட்ரல் ஆனது?

கட்டடத்தின் வயதும் பட்டத்தின் வயதும் வேறு வேறு. இதை நிதானமாகச் சொல்கிறேன்.

இயேசு சபைக் குருக்கள் 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே முதல் கோயிலை எழுப்பினார்கள். 1693-இல் டச்சுக்காரர்கள் புதுச்சேரியைப் பிடித்தபோது அது போயிற்று. பிறகு 18-ஆம் நூற்றாண்டில் பெரிதாக ஒன்றைக் கட்டினார்கள். அந்தக் கோயிலுக்குப் பக்கத்திலேயே வேதபுரீஸ்வரர் கோயில் இருந்தது. 1748-இல் ஆங்கிலேயர் முற்றுகையிட்ட சமயத்தில், பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளே ஆட்சியில், பிரெஞ்சுக்காரர்கள் அந்த ஈஸ்வரன் கோயிலை இடித்தார்கள். துய்ப்ளேயின் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை அந்த நாளின் வேதனையைத் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். சம்பா கோயிலின் கதையைச் சொல்லும்போது அதை விட்டுவிட்டுச் சொல்ல எனக்கு மனம் வராது. 1761-இல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்துத் தரைமட்டம் ஆக்கியதில் இந்தக் கோயிலும் இடிந்தது. அதே இடத்தில் திரும்பக் கட்டி 1791-இல் அர்ச்சித்ததுதான் இன்று நாம் பார்க்கும் கட்டடம்.

ஆனால் 1791-இல் இது கதீட்ரல் இல்லை. புதுச்சேரி அப்போது முழு மறைமாவட்டம் ஆகவில்லை. 1836-க்குப் பிறகும் இங்கிருந்த ஆயர் போப்பின் பதிலாளாகத்தான் இந்தப் பகுதியைப் பார்த்துக்கொண்டார், இந்த ஊர் பெயரில் அவருக்கு ஆசனம் இல்லை. 1886 செப்டம்பர் 1 அன்று போப் பதின்மூன்றாம் லியோ இந்தியாவில் மறைமாவட்ட அமைப்பை ஏற்படுத்தினார். புதுச்சேரி உயர்மறைமாவட்டம் ஆனது, லவெனான் முதல் பேராயர் (ஆர்ச்பிஷப்) ஆனார். சட்டப்படி பார்த்தால் நாற்காலி அப்போதுதான் வந்தது. சுவர் எழும்பி ஏறக்குறைய நூறு வருடம் கழித்து! ஒரு செங்கல் கூடுதலாக வைக்காமலே ஒரு கோயில் கதீட்ரல் ஆக முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணத்தை நான் தேடிப் போக வேண்டியதில்லை.

'சம்பா' என்றால் சம்பா நெல்லா?

பலரும் அப்படி நினைக்கிறார்கள். போர்த்துகீசிய மொழியில் புனித பவுலுக்கு 'சான் பவுலு'. கோவாவில் பவுல் பெயரில் இருந்த கல்லூரியை வைத்து இயேசு சபையினருக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. தமிழ் வாயில் அது சம்பாவு, சம்பா என்று மாறியது. கேரளத்தில் சம்பாளூர் என்ற ஊரின் பெயரும் இப்படி வந்ததுதான். இன்றைய கோயில் அமலோற்பவ அன்னைக்கு உரியது. ஊரில் ஜென்மராக்கினி மாதா கோயில் என்பார்கள். டிசம்பர் 8 திருவிழா. ஆனால் ஆட்டோக்காரரிடம் சம்பா கோயில் என்றால் போதும்.

தூய்மா வீதியில் இருக்கும் கப்ஸ் கோயிலும் இதே கதைதான். கப்புச்சின் சபைக் குருக்களின் கோயில், சுருங்கிக் கப்ஸ் ஆகிவிட்டது.

கடலூரில் கதீட்ரல் இருக்கிறதா?

உயர்மறைமாவட்டத்தின் பெயர் 'புதுச்சேரி-கடலூர்' என்று இருப்பதால் கடலூர்க்காரர்கள் உரிமையோடு கேட்பார்கள். பேராயரின் ஆசனம் புதுச்சேரியில்தான். பெயரில் கடலூர் சேர்ந்தது 1953-இல். அப்போது புதுச்சேரி இன்னும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது, கடலூர் இந்தியாவில் இருந்தது. எல்லைக் கோட்டைத் தாண்டி ஒரே மேய்ப்பர் என்பதை அந்தப் பெயர் காட்டுகிறது. மறு வருடம் நவம்பர் 1 அன்று புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்தது, பெயர் அப்படியே தொடர்கிறது.

சி.எஸ்.ஐ. திருச்சபையிலும் கதீட்ரல் உண்டா?

உண்டு. ஆயர் ஆட்சி உள்ள எந்தச் சபையிலும் இருக்கும். சென்னை புனித ஜார்ஜ் கதீட்ரலில்தான் 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை தொடங்கியது. பெயர்களில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். கத்தோலிக்கர் 'ஆயர்' என்று சொல்பவரை சி.எஸ்.ஐ.யில் 'பேராயர்' என்பார்கள். அங்கே ஆயர் என்றால் சபையைக் கவனிக்கும் குருவானவர். மறைமாவட்டத்துக்கு அவர்கள் சொல் திருமண்டலம்.

மிலான் டுவோமோ, ஜெர்மனியின் டோம், கோவாவின் சே, இவையும் கதீட்ரல்தானா?

ஆமாம், பெயர்தான் வேறு. கோவாவின் 'சே' லத்தீனின் 'சேதெஸ்' என்பதிலிருந்து வந்தது, அதுவும் இருக்கை என்ற பொருள்தான். டுவோமோவும் டோமும் 'தோமுஸ்' என்ற சொல்லிலிருந்து வந்தவை, வீடு என்று பொருள். பசிலிக்காவோ கிரேக்கத்தில் அரச மண்டபம்.

இங்கே நம் சொல்லைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கோ + இல் = கோயில், அரசனின் வீடு. பசிலிக்காவின் அரசனும் டுவோமோவின் வீடும் ஒரே சொல்லில் சேர்ந்திருக்கின்றன. புதுச்சேரிக் கத்தோலிக்கர்கள் இன்றும் "கோயிலுக்குப் போய்ட்டு வரேன்" என்றுதான் சொல்கிறார்கள். அதை மாற்றவே வேண்டாம்.

ஆயர் இல்லாத காலத்தில் அந்த நாற்காலி?

காலியாகவே இருக்கும். ஆயர் இறந்தாலோ ஓய்வு பெற்றாலோ அந்தக் காலத்துக்கு லத்தீனில் 'சேதே வக்கான்தே' என்று பெயர், இருக்கை காலி என்று அர்த்தம். தற்காலிகமாக நிர்வாகம் பார்ப்பவர்கூட அதில் உட்காருவதில்லை. புதிய ஆயர் பொறுப்பேற்கும் நாளில் அவரை அழைத்துவந்து ஆசனத்தில் அமர வைப்பார்கள். கூட்டம் கைதட்டும். கோயில் மணி அடிக்கும்.

உள்ளே போனால் அந்த ஆசனத்தைப் பார்க்க முடியுமா?

பார்க்கலாம். செருப்பை வெளியே விட்டுவிட்டு, திருப்பலி நடக்காத நேரமாகப் பார்த்துப் போங்கள். நடுவழியில் நேராக நடந்து பலிபீடத்துக்கு முன்னால் நில்லுங்கள். பழங்காலத்தில் ஆயரின் ஆசனம் பீடத்துக்குப் பின்னால் சுவரோரம் நடுவில் இருக்கும், இரண்டு பக்கமும் குருக்கள் அமர்வார்கள். பின்னாளில் பல கோயில்களில் பக்கவாட்டுக்கு நகர்ந்தது. அதனால் பின்பக்கமும் பக்கவாட்டிலும் தேடுங்கள். மற்ற இருக்கைகளைவிட உயர்ந்த முதுகோடு, ஒரு படி மேலே இருப்பதுதான் கதெத்ரா. பீடப் பகுதிக்குள் ஏற வேண்டாம், கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றே பார்க்கலாம். கூட வந்த பிள்ளைகள் "இந்தச் சேருக்காகவா இவ்வளவு பெரிய பேரு?" என்று கேட்டால், ஆமாம் என்று சொல்லுங்கள்.